சொல்தா அண்ணனும் பிரான்சின் இருபது வயதுப் பிள்ளைகளும்

இன்றைக்கு நம் ஊரில் யாரும் ஆடாத ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "வயசான காலத்தில் இவருக்கு ரக்பி எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். பல வருஷம் தென் பிரான்சில் கஸ்த்ர் என்ற ஊரில் இருந்தார். சாயங்காலம் எல்லோரும் பெத்தாங்க் குண்டு எறிந்துகொண்டிருக்க, இவர் மட்டும் ரக்பி பேசுவார். நானும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்தான். ஆனால் எங்களுக்குச் சொல்லித் தந்தது இலக்கணமும் நெப்போலியனும். ரக்பி என்ற பெயரைக்கூட அங்கே கேட்டதில்லை.

ஒருநாள் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றை என் கையில் கொடுத்தார். "இதுதான் பந்து, தம்பி. பக்கத்துக்கு பதினைந்து பேர். கையால் எறிந்தால் பின்னால்தான் எறியணும். ஆனால் எல்லோரும் சேர்ந்து முன்னால் போகணும்." முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. எந்தக் கோப்பும் பத்து முறை பின்னால் போய்த்தான் ஒரு முறை முன்னால் நகரும்!

அந்தப் பழக்கத்தில்தான் 2018 ஜூன் 17 ராத்திரி அவர் வீட்டில் உட்கார்ந்து, இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன்.

இந்தப் போட்டி 2008-ல் தொடங்கியது. முதல் நான்கு வருஷமும் நியூசிலாந்துதான் வென்றது. பிறகு தென்னாப்பிரிக்கா ஒரு முறை, அப்புறம் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மாறி மாறி. முதல் பத்துப் போட்டிகளில் பிரான்சு ஒரு தடவைகூட இறுதி ஆட்டத்துக்கு வரவில்லை. 2013-ல் சொந்த நாட்டிலேயே போட்டி நடந்தும், இறுதியில் மோதியவை இங்கிலாந்தும் வேல்சும். இதற்கு முன் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் போட்டி என்று ஒன்று இருந்தது. 2006-ல் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்து அந்தக் கோப்பையைப் பிரான்சு வாங்கியது. அப்புறம் பன்னிரண்டு வருஷம் பட்டினி.

2018 போட்டி நடந்ததும் பிரான்சில்தான். பெர்ப்பிஞான், நர்பொன், பெஸியே என்று மூன்று தெற்கத்தி ஊர்கள். பெஸியே என்றாலே அண்ணன் நிமிர்ந்து உட்காருவார். 1961-க்கும் 1984-க்கும் நடுவில் அந்தச் சின்ன ஊர்க் கிளப் பதினோரு முறை பிரெஞ்சு சாம்பியன் ஆனது. பிறகு பெரிய நகரங்களிடம் பணம் சேர, ஊர் ஒளி மங்கிப் போயிற்று. அந்த ஊரில்தான் இறுதி ஆட்டம். அரையிறுதியில் நியூசிலாந்தை 16-7 என்று மடக்கிவிட்டு வந்த பிள்ளைகள், இறுதியில் இங்கிலாந்தை 33-25 என்று வென்றார்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஜோர்தான் ஜோசப்புக்கு அப்போது வயது பதினேழு. இன்னொரு பையன் ரொமேன் ந்தமாக். 2006-ல் வென்ற அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் இவருடைய அப்பா எமில் ந்தமாக். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் என்னவோ போல் இருந்தது.

அடுத்த வருஷம் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் ஆஸ்திரேலியாவை 24-23 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்று கோப்பையைத் தக்கவைத்தார்கள். கொரோனாவால் 2020, 2021, 2022 மூன்று வருஷமும் போட்டி இல்லை. 2023-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அயர்லாந்தை 50-14 என்று நொறுக்கினார்கள். இடையில் போட்டி நடக்கவில்லை என்பதால், தொடர்ந்து மூன்று கோப்பை என்றே கணக்கு.

இது எப்படி நடந்தது? அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். இதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது, குமாஸ்தா கண்ணுக்கு அதுதான் பட்டது. பிரெஞ்சுக் கிளப்புகள் பணத்தைக் கொட்டி வெளிநாட்டு நட்சத்திரங்களைக் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டு. தூலோன் கிளப் அப்படித்தான் 2013, 2014, 2015 என்று மூன்று வருஷம் வரிசையாக ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. கிளப் ஜெயித்தது. ஆனால் உள்ளூர்ப் பையனுக்கு ஆட இடம் எங்கே? இதற்காக ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிரான்சில் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைத்து, அதை வருஷா வருஷம் உயர்த்தினார்கள். பிறந்த நாட்டை அந்த விதி கேட்பதில்லை, எங்கே வளர்ந்தாய் என்றுதான் கேட்கிறது. மீறினால் புள்ளி வெட்டு. நாம் பார்த்த எத்தனையோ அரசாணைகள் அலமாரியில் தூங்கின. மீறியவனுக்கு வலிக்காததுதான் காரணம். இந்த விதி வலித்தது, அதனால் வேலை செய்தது.

அதன் பலன் என்ன? பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே முழு வளர்ச்சி பெற்ற ஆண்களோடு கிளப் ஆட்டங்களில் மோதிப் பழகிய பிள்ளைகள், தங்கள் வயதுக்காரர்களை எதிர்த்து இறங்கும்போது பயப்படவில்லை. 2018 நவம்பரில் பிரான்சின் பெரியவர்கள் அணி முதன்முறையாக ஃபிஜியிடம் தோற்று, பாரிசில் தலைகுனிந்து நின்றது. மூன்று மாதத்துக்குள் ந்தமாக் அந்த அணிக்குள் வந்துவிட்டார். 2022-ல் ஆறு நாட்டுப் போட்டியில் ஐந்து ஆட்டத்தையும் வென்ற அணியில் பெஸியே பிள்ளைகள் ந்தமாக், கேமரன் வோகி, தெம்பா பம்பா மூவரும் இருந்தார்கள். பெரியவர்கள் உலகக் கோப்பை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் பாரிசில் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 28-29. ஒரு புள்ளி! ரொசாரியோவில் கொடுத்த ஒரு புள்ளியை பாரிசில் திருப்பி எடுத்துக்கொண்டது போல.

இவ்வளவோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் பேரேட்டில் வரவை மட்டும் எழுதி மூட முடியாதே.

பெஸியேயில் கொண்டாடிய அதே காலத்தில், 2018 மே முதல் 2019 ஜனவரிக்குள், பிரான்சில் நான்கு இளம் ரக்பி ஆட்டக்காரர்கள் களத்தில் பட்ட அடிக்குப் பின் இறந்துபோனார்கள். உடல் பெருக்கப் பெருக்க மோதலும் பெரிதாயிற்று. அதற்குப் பிறகுதான், பொழுதுபோக்காக ஆடுபவர்களின் ஆட்டங்களில், இடுப்புக்கு மேல் பிடித்து வீழ்த்தக் கூடாது என்று சோதனை செய்து பார்க்கத் தொடங்கினார்கள்.

2024 ஜூலை 19-ல் கேப் டவுனில் மறுபடி இறுதி ஆட்டம். இந்த முறை இங்கிலாந்து 21-13 என்று வென்றது. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிரான்சின் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் அணி அதே தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போயிருந்தது. ஆகஸ்டு 7-ல், நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்தில், இழுப்பு அதிகமுள்ள ஒரு கடற்கரையில், உடல் களைப்பு தீர என்று பிள்ளைகளைக் குளிர்ந்த நீரில் இறக்கினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. பிரான்சில் விசாரணை தொடங்கியது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. நமக்குக் கடல் புதிதா? விடுமுறை நாளில் வெளியூர்ப் பிள்ளைகள் அலையில் சிக்கிய செய்தி நம் பேப்பரில் எத்தனை முறை வந்திருக்கிறது. இறுதி ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வருஷம் வெல்லலாம். இதற்கு அடுத்த வருஷம் கிடையாது.

அண்ணன் 2022-ல் காலமானார். மூன்றாவது கோப்பையைப் பார்க்கவில்லை, இந்தச் செய்தியையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் அணி ஆடும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கப்பை விடு தம்பி. இதில் எத்தனை பேருக்கு நாளைக்கு இடம் கிடைக்குது, அதைப் பாரு." இப்போது நான் அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன். எத்தனை பேர் அனுப்பினோம், எத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்பினார்கள்? பிள்ளைகள் அணியின் கணக்கில் அதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும்.

அவர் கொடுத்த தேங்காயை நான் உடைக்கவேயில்லை. காய்ந்துபோய் இன்னும் பரண் மேல் கிடக்கிறது.