மஞ்சளான ஆறு குழிகள்

வில்லியனூரில் நான் பொடியனா இருந்தப்போ எய்ட்ஸ்னு சொல்லும்போதே பெரியவங்க குரலைத் தாழ்த்திக்குவாங்க. அது இந்தியாவுக்கு வந்தாச்சுன்னு முதன்முதலா கண்டுபிடிச்சது நம்ம சென்னைக்காரங்கதான்னு எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது மக்களே.

1985. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இந்த ஆய்வைச் செய்யச் சொன்னார். "அது மேல்நாட்டு வியாதி, நம்மூர்ல ஏது?"ன்னு எல்லாரும் நினைச்ச காலம். நிர்மலாவுக்கே தயக்கம். டீச்சர் விடலை.

காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் கையுறைகூட இல்லாம ரத்தம் எடுத்தார் நிர்மலா. சென்னையில் சோதிக்க வசதியில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வச்சிருந்து, 1986 பிப்ரவரியில் கணவரோட ராத்திரி ரயில் ஏறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டு போனார். எலைசா தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாச்சு. மஞ்சள்னா பாசிட்டிவ். அமெரிக்காவில் செஞ்ச சோதனையும் அதையே உறுதி பண்ணுச்சு.

அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவிச்சப்போ, டாக்டர்கள்தான் தப்புப் பண்ணிட்டாங்கன்னு பேசினவங்களும் உண்டு. சுனிதி அசரலை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினார். 2015இல் மறைந்தார். பத்மஸ்ரீ வந்தது 2017இல்!

ஆனா ஒண்ணு உறுத்துது. ரத்தம் எதுக்குன்னு அந்தப் பெண்களிடம் சொல்லலை. சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருக்காதுன்னு நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கார். ஒரு நாட்டையே உஷார்படுத்திய ஆறு பேர்... வரலாற்றில் அவங்களுக்குப் பேரே இல்லை. டீச்சருக்கும் மாணவிக்கும் ஒரு சலாம். அந்த ஆறு பேருக்கு?