லெக்சைட்டில ரெண்டு பேர்

பந்துவீச்சாளர் கால் வைச்சதிலயும் கை சுழட்டினதிலயும் ஒரு பிழையும் இல்லாமலே கிரிக்கெட்டில ஒரு நோபோல் வரும். பந்து கையை விட்டுப் போற நேரம், லெக்சைட்டில துடுப்பாட்டக் கோட்டுக்குப் பின்னால, விக்கெட் கீப்பரைத் தவிர ரெண்டு பேருக்கு மேல நிண்டால் அது நோபோல். எங்கட ஒழுங்கைச் சொஃப்ட்போல் மட்சுகளில இதை ஆரும் எண்ணிப் பாக்கிறேல்ல. ஆனா இந்த 'ரெண்டு' லேசில வந்த எண்ணிக்கை இல்லை.

1930இல் டொன் பிரட்மன் இங்கிலாந்து மண்ணில ஒரே தொடரில 974 ஓட்டங்கள் எடுத்தார். அவரை நிப்பாட்டுறதுக்கு 1932-33இல் அவுஸ்திரேலியா போன இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின் ஒரு வழி கண்டுபிடிச்சார். வேகப்பந்தைக் குத்தி எழும்ப வைச்சு உடம்புக்கு நேரா வீசுறது. லெக்சைட்டில கிட்டக்கிட்ட ஆக்களை வளைச்சு நிறுத்துறது. மட்டையால தடுத்தால் பிடி, விட்டால் நெஞ்சில அடி. ஹெல்மெட் இல்லாத காலம். விதிப் புத்தகத்தில இதுக்குத் தடையே இல்லை. 'பொடிலைன்' எண்டு பத்திரிகைகள் பேர் வைச்சது இதுக்குத்தான்.

பட்டோடி நவாப் அந்த வளையத்தில போய் நிக்க மறுத்தார். முதல் டெஸ்டில சதம் அடிச்சவர். ரெண்டாவதோட அணிக்கு வெளியில. கப்பி அலன் அப்பிடிப் பந்து வீச மாட்டன் எண்டு சொன்னவர். அவர் அஞ்சு டெஸ்டும் விளையாடினார்.

அடிலெய்டில நடந்த மூண்டாவது டெஸ்டில லார்வூட்டின்ர பந்து அவுஸ்திரேலியத் தலைவர் வூட்ஃபுல்லின்ர நெஞ்சில பட்டுது. பிறகு ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோடு வெடிச்சுது. பலர் கவனிக்காத விசயம், அந்த ரெண்டு அடியும் விழேக்க லெக்சைட் வளையம் நிக்கேல்ல, களத்தடுப்பு வழக்கம் போலத்தான் இருந்தது. ஆனா வூட்ஃபுல் நெஞ்சைப் பிடிச்சு நிண்டு, திரும்ப மட்டையைத் தூக்கினாப் பிறகு, லார்வூட்டின்ர அடுத்த ஓவருக்கு ஜார்டின் ஆக்களை லெக்சைட்டுக்கு மாத்தினார். சனம் கொதிச்சது அதைப் பாத்துத்தான். வந்து விழுந்த பந்தைத் தற்செயல் எண்டு சொல்லலாம். ஆக்கள் நடந்து போய் இடம் மாறி நிக்கிறதை அப்பிடிச் சொல்லேலாது.

அவுஸ்திரேலியச் சபை லண்டனுக்குத் தந்தி அடிச்சுது. லண்டன் நம்பேல்ல. தொடரை 4-1 எண்டு வெண்டு போட்டு அணி திரும்பி வந்தது.

1933 கோடையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்து வந்தது. மான்செஸ்டர் ஓல்ட் ட்ரஃபோர்டில கொன்ஸ்டன்ரைனும் மார்ட்டின்டேலும் அதே பந்தை அதே களத்தடுப்போட இங்கிலாந்துக்கே வீசினாங்கள். ஹாமண்டின்ர நாடி கிழிஞ்சுது. ஜார்டின் அசையாமல் நிண்டு 127 ஓட்டங்கள் எடுத்தார்; அந்த ஆளின்ர துணிவை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். ஆனா தங்கட மைதானத்தில கண்ணால கண்டாப் பிறகுதான் இங்கிலாந்தில கனபேருக்கு இது அசிங்கமாப் பட்டுது.

பழி சுரங்கத் தொழிலாளியா இருந்த ஹரோல்ட் லார்வூட்டின்ர தலையில விழுந்தது. தொடரில 33 விக்கெட் எடுத்தவரிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்கள். தலைவர் சொன்னதைச் செய்தனான், ஏன் கேக்கவேணும் எண்டு மறுத்திட்டார். இங்கிலாந்துக்குத் திரும்ப விளையாடவே இல்லை.

உடம்பைக் குறி வைச்சு வீசுறதை நிப்பாட்ட நடுவர்களுக்கு 1935இல் அதிகாரம் குடுத்தாங்கள். லெக்சைட்டில பின்னால ரெண்டு பேர் எண்ட கட்டுப்பாடு வர 1957 ஆச்சு. அப்பவும் காரணம் வேற: லெக்சைட்டில ஆக்களைக் குவிச்சு, அந்தப் பக்கமே வீசி, ஓட்டம் குடுக்காமல் ஆட்டத்தை இழுக்கிறாங்கள் எண்ட சலிப்பு. லார்வூட் குடும்பத்தோட அவுஸ்திரேலியாவில குடியேறி அப்ப ஏழு வருசம்.