4294967297 (ஐந்தாம் ஃபெர்மா எண்)

4294967297 என்பது 2³² + 1-க்குச் சமமான ஒற்றைப்படை எண். சொல்லில், 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. வரிசை பூச்சியத்தில் தொடங்குவதால், ஆறாம் இடத்தில் இருந்தும் ஐந்தாம் ஃபெர்மா எண் எனப்படுகிறது. பகா எண் என்று கருதப்பட்டு, பின்னர் பகு எண்ணாக வெளிப்பட்டதால் புகழ்பெற்றது.

துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்த பியேர் டி ஃபெர்மா, 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து ஒன்று கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டார். வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். நிறுவல் மட்டும் அவரிடம் இல்லை. 1729-இல் கோல்ட்பாக் இக்கருத்தை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் தந்த விடை: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள்.

இவ்வெண்ணின் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஆய்லர் பின்னாளில் நிறுவிய முடிவு. அதன்படி 193, 257, 449, 577 ஆகியவற்றை வகுத்துப் பார்த்து ஒதுக்கினால், ஐந்தாவதாக 641 வந்து நிற்கும். நீண்ட வகுத்தலே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்க மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ இடலாம். அப்போது −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டு 2-ஐ அடிமானமாக்கிச் சோதித்தால் இவ்வெண் பகா எண்போலவே தேறிவிடும். எனவே இது ஒரு போலிப் பகா எண். 3-ஐ அடிமானமாக்கினால் குட்டு உடைந்துவிடும். 3-இல் தொடங்கி 32 முறை வர்க்கப்படுத்தி மீதி பார்த்தால் போதும். அலுப்பான கணக்குதான், ஆனால் தேவையான தேற்றம் ஃபெர்மாவிடமே இருந்தது என்பது வேடிக்கை.

இரு வர்க்கங்களின் கூடுதலாக இதை இரு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு அப்படி ஒரு விதத்துக்குமேல் இராது.

இதற்கு இரண்டு குறைவான 4294967295, மேற்சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்கவையாக அறியப்பட்ட, ஒற்றைப்படைப் பக்கங்களுள்ள ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை அதுவே. 4294967297 பக்கமுள்ளதை அவ்வாறு வரைய இயலாது. ஐந்தாவது முதல் முப்பத்திரண்டாவது வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என இன்று நிறுவப்பட்டுள்ளன.