ஈசுவராநுமானம்

வேதப் பிரமாணத்தின் துணையின்றி, யுக்தி ஒன்றைக் கொண்டே இறைவன் உளன் என நிறுவலாம் என்னும் நியாய தரிசனக் கொள்கை. கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த உதயணர், நியாயகுசுமாஞ்சலி என்னும் தம் நூலின் ஸ்தபகங்கள் என்னும் ஐந்து பகுதிகளில் இதனை விரித்துரைத்தார்.

குடம் ஒரு காரியம். மண்ணின் இயல்பை அறிந்து, வனைய விரும்பி, முயல்கின்ற குயவன் இன்றி அது தோன்றாது. அவயவங்கள் கூடி அமைந்த பூமியும் வித்தின் முளையும் அவ்வாறே காரியங்களாதலின், அவற்றுக்கும் அறிவுடைய கர்த்தா ஒருவன் வேண்டும் என்பது வாதத்தின் சாரம். உதயணருக்கு முன்பே, ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தராகிய தர்மகீர்த்தி, மண்ணாலாயது என்னும் ஒப்புமை மட்டும் போதுமாயின் கறையான் புற்றையும் குயவனே வனைந்தான் என்று கொள்ள நேரும் எனக் காட்டியிருந்தார். இத்தடை மிக வலியது. நையாயிகர் இதனை முற்றும் களைந்தனர் என்று துணிந்து கூறுதல் அரிது.

ஆயினும், இறைவன் இலன் என்று சாதிக்க முற்படுவார்க்கு உதயணர் மூன்றாம் ஸ்தபகத்தில் இறுக்கும் விடையே நூலின் சிகரம் எனத் தகும். வெறுந்தரையில் குடம் இல்லை என்பதை நாம் அறிவது, அங்கு இருந்திருப்பின் அது கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்பதனால். புலனுக்கு எட்டும் தகுதியே இல்லாத பொருளைக் காணாமை அதன் இன்மைக்குச் சான்றாகாது.

இராமாநுசர், வைணவ ஆசாரியராக இருந்தும், ஸ்ரீபாஷ்யத்தில் இவ்வநுமானத்தை ஏற்றிலர். நாம் கண்ட கர்த்தாக்கள் யாவரும் உடலுடையோர். பெருமாளிகை பலர் கூடிக் கட்டுவது. ஆகவே உலகைப் படைத்தவன் ஒருவனே என்பது அநுமானத்தால் பெறப்படாது, சாத்திரம் ஒன்றே அதற்குப் பிரமாணம் என்றார்.