தானாக நிற்கும் தறி

சகிச்சி டொயோடா 1867-ல் ஜப்பானில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். அப்பாவிடம் தச்சு வேலை கற்றாலும் அவர் மனசு முழுக்கத் தறியின் மேல்தான். 1896-ல் அவர் செய்த விசைத்தறியில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.

கேட்க ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சாதாரண விசைத்தறிக்கு நூல் அறுந்தது தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். துணி பழுதாகும். அதற்காகவே ஒரு ஆள் பக்கத்தில் நின்று கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். தறி தானே நின்றால் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம், பழுதும் வளராது. 1924-ல் அவரும் மகன் கீச்சிரோவும் முழுத் தானியங்கித் தறியை உருவாக்கினார்கள். 1929-ல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கியது. நம்மூர் பழைய பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் பிளாட் என்ற பெயர் பழக்கமானதுதான்.

கீச்சிரோ பிறகு கார் செய்யப் போனார். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. நூற்பாலையிலிருந்து அங்கே போன தாயிச்சி ஓனோ, தறியின் குணத்தை மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் கொண்டுவந்தார். தப்பு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம். பின்னாளில் லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறே கட்டினார்கள். இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும்.

வந்தவர் "யார் செய்தது?" என்று கேட்கக் கூடாது, "ஏன் நடந்தது?" என்று கேட்க வேண்டும். அதுவும் ஐந்து முறை. ஓனோ சொன்ன உதாரணம் இது. மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் இல்லாமல் பாரம் கூடியது. எண்ணெய் ஏன் இல்லை? பம்ப் இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்வியோடு விட்டிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்போம்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் நிலைமை நேர் எதிர். லைன் நின்றால் முதல் கேள்வியே "நிறுத்தினது யாருய்யா?" என்பதுதான். ஒரு நைட் ஷிப்டில் துளை அளவு பெரிதாகிக்கொண்டே போவதை ஆபரேட்டர் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்தால் திட்டு விழும் என்று பேசாமல் ஓட்டிவிட்டார். காலையில் அத்தனை பீஸும் ஸ்கிராப். அந்த மனிதர் மோசமான தொழிலாளி இல்லை. பயம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

அமெரிக்காவில் ஃபிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை இருந்தது. தினமும் நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கே வரமாட்டார்கள் என்று பேர் வாங்கிய இடம். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்தபோது பெரும்பாலும் அதே தொழிலாளர்களைத்தான் எடுத்தார்கள். தொழிற்சங்கமும் அதேதான். கயிறு மட்டும் அவர்கள் கைக்கு வந்தது. வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குக் குறைந்தார்கள், காரின் தரமும் உயர்ந்தது. ஆனால் அதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் வருஷக்கணக்கில் திணறியது. கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவரைத் திட்டாமல் இருக்கப் பழகுவதுதான் கஷ்டம்.

வீட்டிலும் இதேதான். மார்க் குறைந்த பேப்பரைப் பேரன் ஒளித்துவைத்தால், போன தடவை காட்டியபோது அவனுக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். நம் வயதுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று நெஞ்சு வலியையும் தலைசுற்றலையும் மறைத்து ஓட்டுகிறோம். நூல் அறுந்த பிறகும் ஓடும் தறி மாதிரி. உடம்பு கயிற்றை இழுக்கும்போது அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.