ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த கணினிகளை விழுப்புரம், திண்டிவனம் வட்டார வீடுகளில் இன்றும் பார்க்கலாம். வாங்கிய பிள்ளை வேலைக்குப் போய்விட, தம்பியோ தங்கையோ அதில் படிக்கிறார்கள். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் போட்டுக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோர் லினக்ஸ் பக்கம் போகவே இல்லை. அந்தப் பழைய கணினி ஒழுங்காக ஓட இரண்டில் எது துணை?

தூசி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். இரு ஊர்களும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் புழுதியில் இருக்கின்றன. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். விசிறிக்குப் பக்கத்தில் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம் வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் போடச் சொல்கிறோம். கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, விசிறி சுழலாதபடி குச்சியால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதினாலே பாதி மந்தம் போய்விடும். படுக்கை மேல் வைத்து ஓட்டுவதை நிறுத்தினால் மீதியில் கொஞ்சம் போகும்.

2024 ஃபெஞ்சல் புயலில் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி நனைந்த கணினியை உடனே போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். பேட்டரியை எடுத்துவிட்டு நன்றாக உலர விட வேண்டும்.

உள்ளே போனால்தான் வேறுபாடு. விண்டோஸில் எந்த மென்பொருளையும் எங்கிருந்தும் இறக்கலாம். அழுக்கும் அந்த வழியில்தான் வருகிறது. காசு கொடுக்காமல் போடும் ‘கிராக்’ விண்டோஸோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. சுத்தம் செய்யும் மென்பொருளை நம்புவதும் ஆபத்தாகலாம். 2017இல் சிகிளீனர் மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே தீநிரலைப் புகுத்தி விட்டார்கள், சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது இறங்கியது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் தேவையற்ற தொடக்க நிரல்களை நிறுத்துவது, கூடவே வரும் டிஃபெண்டரை இயக்கத்தில் வைப்பது, இரண்டும் போதும்.

லினக்ஸில் மென்பொருள் பெரும்பாலும் ஒரே களஞ்சியத்திலிருந்து வருகிறது. ஒருமுறை புதுப்பித்தால் எல்லாமே புதுப்பிக்கப்படும். லுபுண்டு போன்ற இலகுவான வகைகள் 2 ஜிபி ரேமிலும் ஓடுகின்றன. ஆனால் டேலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கும், பேஜ்மேக்கரில் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தாருக்கும் விண்டோஸை விட வழியில்லை. அவர்களை மாறச் சொல்வது நியாயமில்லை.

படிக்கும் பிள்ளையின் கணக்கு வேறு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் காலம் உண்டென்றாலும் அதுவும் தற்காலிகம்தான். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 கேட்கிறது, பழைய செயலிகளை ஏற்பதில்லை. அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அந்த வாசலைத் தாண்டா. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸுக்கு மாற்றினால், உலாவியில் படிக்கவும் லிப்ரேஆஃபிஸில் எழுதவும் தமிழ்99இல் தட்டச்சு செய்யவும் அந்தக் கணினி இன்னும் சில வருடம் தாங்கும். படிக்கிறவர்களுக்கு லினக்ஸே நல்லது என்பது என் முடிவு.

தடையாக இருப்பது பழக்கமின்மை. கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து இந்த வேலையைச் செய்துவருகிறது. திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அக்கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஆய்வகத்தைத் திறந்து, ஊர்க்காரர்களின் பழைய கணினிகளைத் தூசி தட்டி லினக்ஸ் போட்டுத் தர வேண்டும்.