ஆரோக்கியப்பச்சை: காணி மக்களின் அறிவுக்கு விலை எவ்வளவு?

வார இறுதியில் பொன்முடிக்கு பைக்கில் போனவர்களுக்கு அந்த 22 கொண்டை ஊசி வளைவுகள் ஞாபகம் இருக்கும். ஆனால், அந்த மலைத்தொடரில் வாழும் காணி பழங்குடியினரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், தமிழ்நாட்டில் நெல்லை, குமரி பக்கத்து மலைகளிலும் வாழ்பவர்கள் இவர்கள். உயிரியல் ஆய்வில் கிடைக்கும் லாபத்தை யாருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை உலகம் பேசும்போதெல்லாம் இவர்கள் பெயர் வரும். ஏன்?

1987-ல் என்ன நடந்தது?

டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு அகத்தியமலைக் காட்டுக்குள் நடந்தது. விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளாக வந்த காணிகளோ சோர்வே இல்லாமல் ஏறினார்கள். காரணம், அவ்வப்போது அவர்கள் மென்ற ஒரு சின்னப் பழம். முதலில் சொல்லத் தயங்கியவர்கள், பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ்.

பொன்முடிக்குப் பக்கத்தில், பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் செடியை ஆராய்ந்தது. இதன் இலையுடன் அஸ்வகந்தா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது.

பங்கு எப்படிப் பிரிக்கப்பட்டது?

1995-ல் தயாரிப்பு உரிமம் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்குப் போனது.

- உரிமக் கட்டணம்: 10 லட்சம் ரூபாய்
- காலம்: 7 ஆண்டுகள்
- ராயல்டி: விற்பனையில் 2%
- காணிகளின் பங்கு: கட்டணம், ராயல்டி இரண்டிலும் பாதி

அதாவது, 100 ரூபாய்க்கு மருந்து விற்றால் ராயல்டி 2 ரூபாய். அதில் காணிகளுக்கு 1 ரூபாய். பணத்தைப் பெறவே 1997-ல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999-ல் அதன் கணக்குக்குச் சுமார் 5 லட்சம் ரூபாய் வந்தது.

இது ஏன் பெரிய விஷயம்?

இதற்கு முந்தைய வரலாற்றைப் பாருங்கள். மலேரியாவுக்கு மருந்தான குயினைன், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. 1860-களில் பிரிட்டிஷார் அதன் விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவந்து நீலகிரியில் தோட்டம் போட்டார்கள். வெப்பநாடுகளில் பேரரசுகள் காலூன்ற குயினைன் உதவியது. ஆண்டிஸ் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்ற பேச்சே அப்போது எழவில்லை.

1992-ல் ஐ.நா. உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கைதான் லாபத்தை நியாயமாகப் பகிர வேண்டும் என்றது. அந்த வாசகத்துக்கு உலகில் முதலில் உயிர் கொடுத்த சில முயற்சிகளில் ஒன்று காணி ஒப்பந்தம்.

அப்போ எல்லாம் சரியாக நடந்ததா?

இல்லை. சிக்கல்கள் மூன்று.

முதலாவது, சம்மதம். செடியைக் காட்டியது ஓரிருவர்தான். அந்த அறிவோ சமூகம் முழுவதற்கும் சொந்தம். 'பிலாத்தி' எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர், அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995-லேயே முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள்.

இரண்டாவது, காடு. தேவை கூடினால் செடியே அழிந்துவிடும் என்று வனத்துறை கவலைப்பட்டது. இலை சேகரிப்புக்குத் தடை வர, மூலப்பொருள் கிடைப்பது சிரமமானது. ராயல்டியும் அதைச் சார்ந்ததுதானே!

மூன்றாவது, பெயர். அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் 'ஜீவனி'யைத் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

2002-ல் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. 2010-ன் நகோயா நெறிமுறை, உள்ளூர்ச் சமூகத்தின் முன் சம்மதத்தை வலியுறுத்துகிறது.

2023-ல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கு இப்போது லாபப் பங்கீட்டிலிருந்து விலக்கு உண்டு. காணிகளின் அறிவு வாய்மொழியாக வந்தது, எனவே அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆனால், எழுதப்படாத ஒன்றை 'எங்களுடையது' என்று ஒரு சமூகம் நிரூபிப்பது எளிதல்ல. எழுதி வைத்தாலோ, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பயம்.

அடுத்து என்ன?

இனி செடியைத் தேடி மலை ஏற வேண்டியதில்லை. அதன் மரபணு வரிசை டேட்டாபேஸில் இருந்தால் போதும், எங்கிருந்தும் ஆய்வு செய்யலாம். இப்படிப்பட்ட தரவால் சம்பாதிக்கும் பெருநிறுவனங்கள் பங்களிக்க 2025 பிப்ரவரியில் 'காலி நிதி' தொடங்கப்பட்டது. பெயர் கொலம்பியாவின் காலி நகரிலிருந்து வந்தது. குறைந்தது பாதித் தொகை பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. ஆனால் பணம் கொடுப்பது கட்டாயமில்லை.

பயோடெக், பார்மா, டேட்டா என எந்தத் துறையில் நீங்கள் இருந்தாலும், ஒரு நாள் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வரலாம்: இந்தத் தகவலை முதலில் சொன்னது யார், அவர்களிடம் கேட்டோமா?